கோழித் தலை பார்த்த பக்கம்

எங்கள் ஷேடோ ஊரில் யாரிடம் பிழைப்பைப் பற்றிக் கேட்டாலும் இரண்டில் ஒரு பதில்தான் வரும். ஒன்று கொய்யாத் தோப்பு, இல்லாவிட்டால் காலுறைப் பட்டறை. பாவ்சூ காலுறைக்காரி. ஒன்பதாம் வகுப்பு முடித்த வாரமே தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தவள், ஐம்பத்து நாலு வயதிலும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள். பட்டறைகள்தான் மாறின. கடைசி இருபத்தாறு வருடமாக ஷாவ் குடும்பத்துப் பட்டறை.

பின்னல் இயந்திரத்திலிருந்து விழும்போது காலுறைக்கு விரல் பக்கம் திறந்தே இருக்கும். இரண்டு பக்கமும் ஓட்டையான வெறும் குழாய். அதன் விரல் பக்கத்தை மூடித் தைத்தால்தான் அது காலுறை. பாவ்சூவின் வேலை அதுதான். ஒரு நாளைக்கு எத்தனை நூறு கால்களை மூடினாள் என்று அவளுக்கே தெரியாது. அவள் தைத்த இடத்தை விரலால் தடவினால் புடைப்பே தெரியாது. பட்டறையில் வேறு இரண்டு பெண்கள் தைத்தார்கள். அவர்கள் தைத்ததும் நல்ல தையல்தான், ஆனால் புதுப் பாதணிக்குள் போட்டால் சுண்டுவிரல் முணுமுணுக்கும்.

பேச்சு குறைவு அவளுக்கு. பேசாமல் இருப்பதற்குக் காரணம் கர்வமில்லை, பழக்கம். மூன்று வயதில் இன்னொரு வீட்டுக்குத் தத்துப்போனவள். அந்த வீட்டில் கேட்டால்தான் சோறு என்றில்லை, ஆனால் கேட்காமலிருந்தால் எல்லோருக்கும் நிம்மதி. இருபத்திரண்டில் ஒரு கொத்தனாரைக் கட்டிக்கொண்டாள். ஐந்து வருடத்தில் அவன் சாரத்திலிருந்து விழுந்து போய்ச்சேர்ந்தான். குழந்தை இல்லை. வளர்த்தவர்கள் இருவரும் அடுத்தடுத்துக் கண்ணை மூட, அந்த வீட்டு மகன் வீட்டை விற்றுவிட்டு தாய்ச்சுங் நகரத்துப் பக்கம் போய்விட்டான். ரயில் நிலையத்துக்குப் பின்னால் வாடகைக்கு ஓர் அறை, அதில் ஒரு கட்டில், ஒரு மின் சட்டி. இவ்வளவுதான் பாவ்சூவின் சொத்து என்று ஊர் நினைத்தது. ஊருக்கு எப்போதுமே பாதிதான் தெரியும்.

மீதிப் பாதியின் பெயர் ஹொங். நூல் கொண்டுவரும் லாரி ஓட்டுநர். பெங்ஹு தீவுக்காரர், அறுபத்தொரு வயது, மனைவி இறந்து வெகுகாலம். பதினைந்து வருடமாகப் புதன்கிழமைதோறும் ஷாவ் பட்டறைக்கு நூல் மூட்டை இறக்குபவர். வரத் தொடங்கிய புதிதில் ஒரு நாள் மழையில் நனைந்த பாதணியைக் கழற்றி உதறியபோது, பெருவிரல் இரண்டும் காலுறைக்கு வெளியே எட்டிப் பார்த்தன. பாவ்சூவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஊரு பூரா சாக்ஸ்காரங்களுக்கு நூல் போடுறீங்க, உங்க காலுக்கு ஒரு சாக்ஸ் கிடைக்கலையா?" என்றாள்.

"எல்லாரும் நூலை எண்ணிப் பார்த்து வாங்குறாங்கம்மா, யாரும் காலைப் பார்க்கலையே" என்றார் அவர்.

அடுத்த புதன்கிழமை சாயம் தப்பிய ஆறு ஜோடியை அவர் இருக்கையில் வைத்தாள். அப்படித்தான் ஆரம்பித்தது. பதினைந்து வருடம் கழித்து, போன இலையுதிர்கால நிலாப் பண்டிகை முடிந்த வாரம், மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு அவர் கேட்டார்: "நான் லாரியை விட்டுட்டு தீவுக்கே போறேன். வீட்டுக் கூரையை மாத்திட்டேன். கடலை போட ஒரு துண்டு நிலமும் இருக்கு. நீயும் வர்றியா பாவ்சூ?" பதில் சொல்ல அவளுக்கு நாலு புதன்கிழமை ஆனது. சொன்ன பதில், "அங்க காத்து ரொம்ப அடிக்குமே" என்பதுதான். அது சம்மதம் என்று ஹொங்குக்குப் புரிந்தது. அந்த மட்டுக்கு அவர் கெட்டிக்காரர்.

கப்பலுக்கு நாள் குறித்தார்கள். நிலாக் கணக்கில் வரும் புத்தாண்டின் முதல் மாதம், விளக்குத் திருவிழா முடிந்த மறுநாள், பதினாறாம் தேதி. அதற்குள் பாவ்சூ ஷாவ் குடும்பத்தில் சொல்லிக்கொண்டு விடைபெற வேண்டும். அங்கேதான் அவள் காலில் கல்லைக் கட்டியது போலிருந்தது.

முதலாளி ஷாவ் ஜென்னானைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. நல்ல மனிதர், இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு மூன்றாம் நாள் மறந்துவிடுவார். கவலையெல்லாம் அவர் மனைவி யாலிங்கைப் பற்றி. யாலிங் இருபத்துமூன்று வயதில் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தாள். வந்த முதல் மாதம் முழுக்க நூல் கிடங்குக்குள் உட்கார்ந்து அழுவாள். மாமியார் தேடினால், "கிடங்குல கணக்குப் பார்க்குது" என்று பாவ்சூ சொல்லிவிடுவாள். அழுது முடித்து வெளியே வரும்போது ஒரு கிண்ணம் வெந்நீர் தயாராக இருக்கும். ஒரு வார்த்தை கேட்டதில்லை. யாலிங்குக்குப் பிரசவ வலி எடுத்த அன்று ஜென்னான் ஊரில் இல்லை. தன் ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்து, அவளைத் தன் இடுப்போடு சேர்த்துத் ஒரு நீளத் துணியால் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டியவள் பாவ்சூ. பாவ்சூவின் கண்ணில் விழித்திரை கிழிந்து அறுவை சிகிச்சை நடந்தபோது, பதினோரு நாள் பக்கத்திலிருந்து சோறு ஊட்டியவள் யாலிங். அந்த மருமகள்தான் இப்போது பட்டறையின் முதலாளியம்மா. ஆள் கூடிய இடத்தில் பாவ்சூ அவளை அப்படித்தான் அழைப்பாள். தனியே இருந்தால் வெறும் யாலிங்.

எங்கள் ஊரில் வேலையை விடுகிறவர்கள் பெரும்பாலும் வாய்திறப்பதில்லை. வருடக்கடைசிப் போனஸ் உறையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, புத்தாண்டு விடுமுறைக்குப் போவார்கள். பட்டறை திறக்கும் நாளில் வரமாட்டார்கள். வராத நாற்காலியைப் பார்த்து முதலாளி தெரிந்துகொள்ள வேண்டியதுதான். பாவ்சூவுக்கு அந்த நினைப்பே கூசியது. உறை கைக்கு வருவதற்கு முன்பே, வருடக்கடைசி விருந்தன்றே சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்தாள். மூன்று நாள் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தாள். "முதலாளி, முதலாளியம்மா, ஒரு விஷயம்." இதுவரை நன்றாக வந்தது. அதற்குமேல் கண்ணாடியிலிருந்த பெண்மணியும் வாயை மூடிக்கொண்டாள்.

பன்னிரண்டாம் மாதம் பதினாறாம் நாள் விருந்து. ஷாவ் வீட்டில் அதை மத்தியானத்திலேயே முடித்துவிடுவார்கள். காலையில் நிலத்தைக் காக்கும் மண்சாமிக்கு முழுக் கோழி படைத்து, பிறகு அதையே வெட்டித் தட்டில் அடுக்கி, தலையை அதனிடத்திலேயே வைத்து மேசைக்குக் கொண்டுவருவாள் யாலிங். அந்தக் கோழித் தலையில்தான் விஷயமே இருக்கிறது. விருந்தில் அது யாரைப் பார்க்கிறதோ, அவருக்கு வருகிற வருடம் வேலையில்லை என்று அர்த்தம். அந்தக் காலத்து முதலாளிகள் வாயால் சொல்லக் கூசியதைக் கோழி சொல்லும். இப்போது யாரும் அப்படிச் செய்வதில்லை. பல இடங்களில் தலையை அடுக்களையிலேயே நறுக்கிவிடுகிறார்கள். ஜென்னான் மட்டும் தலையை வேண்டுமென்றே தன் பக்கம் திருப்பிவைத்து, "இந்த வருஷமும் என்னைத்தான்யா வீட்டுக்கு அனுப்புது!" என்பார். வருடாவருடம் அதே வேடிக்கை, வருடாவருடம் அதே சிரிப்பு.

அன்றும் சொன்னார். பத்துப் பேரும் சிரித்தார்கள். வட்ட மேசையின் நடுவில் சுழலும் கண்ணாடித் தட்டு, அதில் இறால், மீன், பூண்டு போட்ட கீரை, ஜென்னானுக்கு நேரே கோழி. பாவ்சூ எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். சூப் வந்ததும் சொல்லிவிடலாம் என்று தொண்டையைச் செருமினாள்.

செருமலைக் கேட்டு ஜென்னான் நிமிர்ந்தார். "அட, பாவ்சூ அக்கா தட்டு காலியா இருக்கே! கோழிக்கால் உங்களுக்குத்தான்க்கா, வேற யாரும் தொடக்கூடாது" என்று, அன்பு பொங்கிய வேகத்தில் கண்ணாடித் தட்டைப் பிடித்து ஒரு சுற்று சுற்றிவிட்டார்.

கோழி மேசையைப் பாதி வலம் வந்து பாவ்சூவின் முன்னால் நின்றது. அலகு நேரே அவள் மார்பைப் பார்த்தது.

பொட்டலம் கட்டும் லீஃபென், ஊர்க்கதை கேட்டால் சோறு தண்ணி மறப்பவள், வாயில் வைத்த இறாலைக் கடிக்க மறந்தாள். ஜென்னானின் கை தட்டின் விளிம்பிலேயே ஒட்டிக்கொண்டது. முதலில் அசைந்தவள் யாலிங். எழுந்து, கையாலேயே கோழித் தலையைப் பறித்து, கணவனின் கிண்ணத்தில் டங்கென்று போட்டாள்.

"தின்னு! மூளையாவது வளரட்டும்" என்றாள்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், தேவைக்கு மேலேயே சிரித்தார்கள். ஜென்னான் எழுந்து நின்று பாவ்சூவுக்கு மூன்று முறை தலைகுனிந்து, மன்னிப்பாக மூன்று கோப்பை மதுவை ஒரே மூச்சில் குடித்தார். காதெல்லாம் சிவந்துவிட்டது. பாவ்சூ கோழிக்காலைச் சாப்பிட்டாள். சொல்ல வந்ததையும் அதோடு சேர்த்து மென்று விழுங்கினாள். இந்த நேரத்தில் "நான் போகிறேன்" என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அது கோழி சொன்னதாகிவிடாதா?

சாயங்காலம் நாலு மணிக்குள் விஷயம் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது, கண் காது மூக்கோடு. கீரைக்காரி பாவ்சூவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இருபத்தாறு வருஷம் உழைச்ச ஆளை இப்படியா பண்ணுவாங்க?" என்று கண்கலங்கி, ஒரு கட்டு வெங்காயத்தாளைச் சும்மாவே கொடுத்தாள். இல்லை இல்லை என்று பாவ்சூ மறுக்க மறுக்க, பாவம், முதலாளியை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள் என்று இன்னொரு கட்டும் விழுந்தது.

மறுநாள் யாலிங் ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு வாடகை அறைக்கே வந்துவிட்டாள். பன்றிக்கால் போட்டு வேகவைத்த மெல்லிய சேமியா. வீட்டில் யாருக்காவது கெட்ட நேரம் தட்டினால் அதைக் கழிப்பதற்குச் செய்வது.

"முழுசாச் சாப்பிடுங்கக்கா. ஒரு இழை மிச்சம் வைக்கக்கூடாது."

"எனக்கு என்ன கெட்ட நேரம் வந்துச்சு?"

"எங்க வீட்டுக்காரர் கையால வந்துச்சே, அது போதாதா?" யாலிங் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அக்கா, ஊருல என்ன பேசுறாங்க தெரியுமா? உங்களை நாங்க கழட்டி விடுறோமாம். எங்க மாமியார் இருந்திருந்தா என் தோலை உரிச்சிருப்பாங்க. நீங்க பாட்டுக்கு எப்பவும் போல வந்து உக்காந்தாத்தான் இந்த ஊரு வாய் அடங்கும். இப்ப மட்டும் நீங்க போயிட்டீங்கன்னு வைங்க, நான் தெருவுல தலை காட்ட முடியாது."

பாவ்சூ சேமியாவை உறிஞ்சினாள். சூட்டில் கண்ணில் நீர் வந்தது என்று காட்டிக்கொண்டாள்.

அந்தப் புதன்கிழமை ஹொங் மூட்டையை இறக்கியபடி மெல்லக் கேட்டார். "சொல்லிட்டியா?"

"கோழி சொல்லிடுச்சு. நான் சொல்ல முடியல."

கதையைக் கேட்டு அவர் சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "கப்பலைத் தள்ளிப்போடட்டுமா?"

"வேணாம். புத்தாண்டு முடிஞ்சு பட்டறை திறக்குற அன்னிக்குச் சொல்லிடுறேன்."

"அவசரமில்ல பாவ்சூ. பதினஞ்சு வருஷம் காத்திருந்தவனுக்கு இன்னும் ரெண்டு கப்பல் பெரிசா?"

அப்படிக் கேட்டதுதான் அவளை உறுத்தியது. ஹொங் அவசரப்படுத்தியிருந்தால் அவர்மேல் பழியைப் போட்டுத் தப்பித்திருக்கலாம்.

புத்தாண்டு ஆறாம் நாள் பட்டறை திறந்தார்கள். வாசலில் சரவெடி, மண்சாமிக்குப் பழம், ஆளுக்கொரு சிவப்பு உறை. பாவ்சூ எல்லோருக்கும் முன்னால் வந்திருந்தாள், ஒத்திகையோடுதான். உள்ளே நுழைந்தவள் தன் இடத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

அவளுடைய பழைய இயந்திரம் அங்கே இல்லை. புத்தம் புதியது ஒன்று, மேலே சிவப்புத் தாள் ஒட்டி. பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கு, முதுகுக்கு மெத்தை வைத்த நாற்காலி. அறுவை சிகிச்சைக்குப் பிறகு கண் சீக்கிரம் களைத்துவிடுகிறது என்று என்றைக்கோ ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள். ஜென்னான் சரவெடிப் புகையோடு பின்னாலேயே வந்தார், பரீட்சைத் தாளைக் காட்டும் பையனைப் போல முகத்தை வைத்துக்கொண்டு.

"உக்காந்து பாருங்கக்கா. இன்னும் இருபத்தாறு வருஷத்துக்கு இது ஓடும்."

அவள் உட்காரவில்லை. அழுதாள். பாவ்சூ அழுது அங்கே யாரும் பார்த்ததில்லை, கணவன் செத்த கதையைக்கூட உலர்ந்த கண்ணோடு சொன்னவள். ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்றுகூட வரவில்லை.

"நான் போறேன் முதலாளி. பதினஞ்சாம் தேதியோட நின்னுக்கிறேன். மன்னிச்சுக்கோங்க" என்றாள்.

யாலிங் கையிலிருந்த பழத்தட்டைக் கீழே வைத்தாள். "கோழிக்காகவா?"

"இல்ல, யாலிங். அதுக்கு முன்னாடியே..."

"கோழிக்காகத்தான். மனசுல வச்சுக்கிட்டீங்க. நான் சேமியா கொண்டுவந்தப்பவே உங்க மூஞ்சி சரியில்ல."

"சத்தியமா அதுக்காக இல்ல. எனக்கு... வேற ஒரு ஏற்பாடு."

"யாரு, எதிர்ப் பட்டறைக்காரங்க கூப்பிட்டாங்களா?"

"வேற பட்டறைக்கு நான் போவேனா?"

"பின்ன என்ன ஏற்பாடு?"

பத்து ஜோடிக் கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. ஐம்பத்து நாலு வயதில், விதவை, லாரிக்காரரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று லீஃபெனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல பாவ்சூவுக்கு நாக்கு எழவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவை யாலிங் வேறுவிதமாக எடுத்துக்கொண்டாள். முகம் வெளுத்து, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்று நாள். ஒரே கூரையின் கீழே மூன்று நாள் யாலிங் அவளிடம் பேசவில்லை. காலையில் "வந்துட்டீங்களா" என்பது கிடையாது, மத்தியானம் குழம்பில் நல்ல துண்டாகப் பார்த்து எடுத்துப் போடுவது கிடையாது. ஜென்னான் இருவருக்கும் நடுவில் கையைப் பிசைந்துகொண்டு அலைந்தார். பாவ்சூ புது இயந்திரத்தில் லீஃபெனை உட்காரவைத்து, தையலைச் சொல்லிக்கொடுத்தபடி தான் பக்கத்தில் நின்றாள். லீஃபெனே வாயைத் திறக்கவில்லை என்றால் பட்டறை எவ்வளவு அமைதியாக இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். போவது வலிக்கவில்லை பாவ்சூவுக்கு. இப்படி விட்டுப் போக நேர்ந்துவிடுமோ என்பதுதான் வலித்தது. உறவென்று எழுதிவைத்த உறவு அவளுக்கு எதுவும் கிடையாது. எழுதாத ஒன்று இருந்தது, அதுவும் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

நாலாம் நாள் புதன்கிழமை. ஹொங் வழக்கம்போல லாரியைப் பின்னால் எடுத்து நிறுத்தினார். நேரே யாலிங்கிடம் போய்த் தொப்பியைக் கழற்றினார்.

"முதலாளியம்மா, இன்னிக்கு இதுதான் என் கடைசி நடை. அடுத்த வாரத்துலேருந்து வேற ஆளு வருவான்."

"நீங்களுமா?" என்றாள் யாலிங் சலிப்போடு. "உங்களையும் யாராச்சும் கோழியைக் காட்டித் துரத்திட்டாங்களா?"

"என்னை யாரு துரத்துறது? நான்தான் உங்க வீட்டுலேருந்து ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போறேன்."

யாலிங்குக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. பிறகு அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "ஹொங் அண்ணே, ஷூவைக் கழட்டுங்க."

"என்னது?"

"கழட்டுங்கங்கிறேன்."

அவர் மூட்டையின் மேல் உட்கார்ந்து கழற்றினார். ஒரு காலில் சாம்பல் நிறம், ஒரு காலில் கொஞ்சம் தூக்கலான சாம்பல் நிறம். யாலிங் குனிந்து, நாற்றத்தையெல்லாம் பொருட்படுத்தாமல், விரல் பக்கத்துத் தையலைத் தடவினாள். புடைப்பே இல்லை. அந்தக் கையை அவளுக்குத் தெரியாதா?

"எத்தனை வருஷமா போட்டுக்கிறீங்க?"

"பதினஞ்சு வருஷமா. கல்யாணத்துக்குக் கேட்டது மட்டும் போன நிலாப் பண்டிகைக்கு. உங்க கோழி அப்ப முட்டையாத்தான் இருந்திருக்கும், முதலாளியம்மா."

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஜென்னான் தொடையில் தட்டிக்கொண்டார். "அதானே பார்த்தேன்! மத்த பட்டறையில பத்து நிமிஷத்துல இறக்குற நூலை இங்க மட்டும் ஒரு மணி நேரம் இறக்குறாரு!"

யாலிங் சிரிக்கவில்லை. உள்ளே போனாள். பாவ்சூ லீஃபெனின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். யாலிங் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நூல் கிடங்குக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள். உள்ளே நடந்ததை லீஃபென் கதவில் காதை வைத்துக் கேட்டு ஊருக்குச் சொன்னாள். அதனால்தான் எனக்கும் தெரியும்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"வெக்கமா இருந்துச்சு."

"என் பிரசவத்துல உங்க இடுப்பைக் கட்டிக்கிட்டு நான் போட்ட கூச்சலுக்கு வெக்கப்பட்டேனா?"

யாலிங்கே மேலே பேசினாள்.

"நான் இங்க அழுதப்ப நீங்க என்னை ஒரு வார்த்தை கேக்கலை. அது எனக்கு நல்லதா இருந்துச்சு. ஆனா நான் கேக்குற ஆளுக்கா. கேட்டுத்தான் ஆவேன். அவரு நல்லவரா?"

"ரெண்டு காலுக்கும் ஒரே நிறத்துல போடத் தெரியாது. மத்தபடி நல்லவரு."

பிறகு சிரிப்பா அழுகையா என்று லீஃபெனால் பிரித்தறிய முடியவில்லை. வெகு நேரம் அப்படி இருந்ததாம். அப்புறம் யாலிங்கின் குரல் கேட்டது, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"எந்த வீட்டுலேருந்து கிளம்புறீங்க?"

"எந்த வீடு? ரூமுலேருந்துதான். ஒரு பெட்டி. ஆபீசுல கல்யாணத்தைப் பதிஞ்சுட்டுக் கப்பல் ஏறணும். இந்த வயசுல வேற என்ன?"

"ரூமுலேருந்தா! அது சரி. அப்ப புத்தாண்டு ரெண்டாம் நாள் எங்க போவீங்க?"

எங்கள் பக்கத்தில் அந்த ஒரு நாள் கல்யாணமான பெண்களுக்கானது. புருஷனையும் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு, பலகாரப் பெட்டியோடு எல்லோரும் அம்மா வீட்டுக்குப் போவார்கள். ரயிலில் நிற்க இடமிருக்காது. பாவ்சூ வருடாவருடம் அந்த நாளில் தன் அறை ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்குவாள். அவளுக்குப் போக வீடு இல்லை. யாரும் அதுவரை கேட்டதுமில்லை.

"எங்கயும் போறதில்லையே, யாலிங்."

"இனிமே இங்க வர்றீங்க. இந்த வாசல்லேருந்து கிளம்புறீங்க, இந்த வாசலுக்குத் திரும்பி வர்றீங்க. முடிஞ்சுது பேச்சு."

ஜென்னானுக்கு அந்த ஏற்பாட்டில் சொந்த லாபமும் இருந்தது, அதை அவர் மறைக்கவில்லை. "வேலையை விட்டுத் துரத்தின ஆளை எவனாவது சரவெடி போட்டு, சிவப்புத் தாள் ஒட்டி அனுப்புவானா? ஊரு வாயை இதை வச்சுத்தான் அடைக்கணும்" என்றார். சந்தைக்குப் போய்க் கீரைக்காரியைத் தானே நேரில் அழைத்தார். இரண்டு கட்டு வெங்காயத்தாளுக்கான காசையும் கொடுக்கப் பார்த்தாராம், அவள் வாங்கவில்லை.

பதினாறாம் தேதி காலையில் ஷாவ் வீட்டு வாசலில் பாதி ஊர் நின்றது. ஹொங்கிடம் கார் கிடையாது. கம்பெனிக்காரர்கள் கடைசியாக ஒரு நாளைக்கு லாரியையே கொடுத்திருந்தார்கள். முன்கண்ணாடியில் பெரிய சிவப்புப் பூ, பின்னால் நூல் மூட்டைக்குப் பதிலாகப் பாவ்சூவின் ஒற்றைப் பெட்டி. மாப்பிள்ளை கோட்டுப் போட்டிருந்தார். அவர் இறங்கியவுடன் பட்டறைக்காரர்கள் முதலில் பார்த்தது அவர் காலைத்தான். இரண்டும் ஒரே நிறம். கைதட்டினார்கள்.

பாவ்சூ கருஞ்சிவப்பு உடையில் வெளியே வந்தாள். ஜென்னானும் யாலிங்கும் நாற்காலியில் உட்கார, அவர்களைவிட மூத்தவள் அவர்களுக்குத் தேநீர் கொடுத்தாள். மணப்பெண் தன்னைப் பெற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டிய தேநீர். ஜென்னான் அதைக் கோட்டில் சிந்திக்கொண்டார். "போயிட்டு வாங்கக்கா" என்று சொல்ல வாயெடுத்தவருக்கு, "காத்துல குளிரும், ரெண்டு சாக்ஸா போட்டுக்கங்க" என்றுதான் வந்தது. பாவ்சூ தலையாட்டினாள். லாரியில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

சரவெடி வெடித்து ஓய்ந்தது. லாரி உறுமியது. இனி ஒன்றுதான் பாக்கி. பெண்ணைப் பெற்றவள் ஒரு கிண்ணித் தண்ணீரை வண்டியின் பின்னால் வீசிக் கொட்ட வேண்டும். கொட்டிய நீர் திரும்ப வருவதில்லை, அதுபோலப் பெண்ணும் போன வீட்டிலேயே நிலைக்கட்டும், கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பி வராமலிருக்கட்டும் என்பதற்காக. யாலிங் கிண்ணியோடு வாசல் நடுவில் நின்றாள். தண்ணீர் விளிம்புவரை தளும்பியது.

"கொட்டு, கொட்டு" என்றார் ஜென்னான். "நல்ல நேரம் போகுது."

யாலிங் கிண்ணியைத் தூக்கினாள். தூக்கிய கை அங்கேயே நின்றது. லாரி நகர்ந்து கொய்யாத் தோப்பின் பக்கம் திரும்பப் போனது.

"கொட்டும்மா!" என்றாள் கீரைக்காரி.

யாலிங் கிண்ணியை இறக்கித் தரையில் வைத்தாள். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் அந்தத் தண்ணீரை அள்ளித் தன் முகத்தைக் கழுவிக்கொண்டாள். ஒரு சொட்டுக்கூடத் தெருப்பக்கம் போகவில்லை. பிறகு ஈர முகத்தோடு எழுந்து, ஊரே கேட்கக் கத்தினாள்.

"ரெண்டாம் நாள்! காலையிலயே வந்துடணும்! கேட்டுச்சாக்கா?"

புறப்பட்ட மணப்பெண் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது வழக்கம். பாவ்சூ ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, லாரி திருப்பத்தில் மறைகிறவரை திரும்பியே பார்த்துக்கொண்டு போனாள்.